அப்பாவின் ரேடியோவும் அரை ஆம்பியர் ஃபியூஸும்

 

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அப்பாவின் ஜெர்மன் வால்வு ரேடியோ பரணிலிருந்து இறங்கியது. பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் கண்ணாடி ஃபியூஸில் இழை அறுந்திருந்தது.

வகுப்பில் ‘மின் உருகு இழை’ என்று நடத்தினேனே, அதுதான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஜூல் விதி! (மறந்தவர்கள் கை தூக்க வேண்டாம்.)

இதன் வரலாறு வீட்டு மின்சாரத்தைவிடப் பழையது. மின்னலிலிருந்து தந்தி நிலையங்களைக் காக்க, கம்பியின் ஒரு பகுதியை மெல்லியதாக வைக்கலாம் என்று 1847-லேயே பிரான்சின் பிரெகே யோசனை சொன்னார். எடிசன் 1890-ல் ஃபியூஸுக்குக் காப்புரிமை பெற்றார். நுட்பமான மீட்டர்கள் கருகாமலிருக்கச் சின்னஞ்சிறு ஃபியூஸ் செய்வதற்காக, எட்வர்ட் சண்ட் 1927-ல் சிகாகோவில் லிட்டல்ஃபியூஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

நாடு நாடாக வளர்ந்ததால் அளவும் ஒன்றாக இல்லை. ஐரோப்பியக் கண்ணாடி ஃபியூஸ் 20 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் விட்டம். அமெரிக்க வகை ஒன்றேகால் அங்குல நீளம், கால் அங்குல விட்டம். சென்னை ரிச்சி தெருவில் முதலில் என் கைக்கு வந்தது இந்தப் பெரியது.

அடுத்த கடையில் நீளம் சரி, அரை ஆம்பியரும் சரி. ஆனால் மூடியில் ‘எஃப்’ என்றிருந்தது. எனக்கு வேண்டியது ‘டி’. “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார் கடைத் தம்பி. இல்லை. ‘ஃப்லிங்க்’ என்றால் ஜெர்மனில் வேகம், ‘ட்ரேகே’ என்றால் மெதுவு. சுவிட்சைப் போட்ட கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். வேக ஃபியூஸ் அதற்கே போய்விடலாம். மெதுவானது அந்தக் கணத்தைத் தாங்கி, உண்மையான கோளாறு வந்தால் மட்டும் உருகும்.

வோல்ட்டையும் பாருங்கள். காருக்கான 32 வோல்ட் ஃபியூஸும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். 230 வோல்ட்டில் அது உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி தொடர்ந்து ஓடக்கூடும்.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நான் பத்தாவது படித்தபோது இதே ரேடியோவில் ஃபியூஸ் போனது. சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் பொருத்திவிட்டேன். ரேடியோ பாடியது, பத்து நிமிடம். அப்புறம் கருகல் நாற்றம், புகை. டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று. கம்பி மறுபடி சுற்ற அப்பா யாரிடமோ கடன் வாங்கினார். அடிக்கவில்லை. “சாகறதுக்குன்னே வச்ச ஒண்ணை நீ சாக விடலையேடா” என்றார். பின்னாளில் முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் கேட்டது. உங்களிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

மூன்றாவது கடையில் சரியான ஃபியூஸ் கிடைத்தது. உடனே போடவில்லை. மெக்கானிக்கிடம் காட்டினேன். பழைய கப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தது. அதை மாற்றிய பிறகே ஃபியூஸைப் போட்டோம். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுந்த அந்த இழை தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறது. அதை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து ரேடியோ இருந்தால், ஃபியூஸ் ஏன் போனது என்று முதலில் கேளுங்கள். நீளம், ஆம்பியர், வோல்ட், வேகம் நான்கையும் பார்த்துப் போடுங்கள். ஈயத்தாள் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்