பாறையின் அடியை அளந்த வரலாறு

வட ஆற்காட்டில் நம் மக்களிடையே கோலார் தங்கவயலின் பெயரை அறியாதார் அரியர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, அங்குச் சென்ற நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பாறை குடைந்தனர். சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரையும் கடந்தது.

அத்தகைய ஆழத்தில், மேலுள்ள பாறையின் அழுத்தம் தாளாது சுரங்கச் சுவர் திடீரென வெடித்துச் சிதறும். இதனை 'ராக்பர்ஸ்ட்' என்பர். மரமுட்டுகளும், பின்னர் கருங்கல் அடுக்குகளும் கூரையைத் தாங்கின. அவை எத்துணை அடியைத் தாங்கும் என்பது அடி விழுந்த பின்னரே தெரிந்தது. தொழிலாளியின் உடலே அன்றைய சோதனைக்கூடம் என்றால் மிகையாகாது.

இன்று அந்த அடி ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுகிறது. பாறையில் துளையிட்டுச் செருகும் இரும்புத் தண்டே ராக்போல்ட். அதனைத் தடித்த எஃகுக் குழாயினுள் சிமெண்ட் சாந்தால் பதித்து நிறுத்துவர். கீழ்முனைத் தகட்டின்மீது பெரும் எடையை விழச் செய்வர். ஒரு டன் எடை ஒன்றரை மீட்டர் விழுந்தால், நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் வேகத்தில் மோதும். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும்.

சோதனை புகட்டிய பாடம் வியப்பானது. விறைப்பான தண்டு அசையாச் சுமையை நன்கு தாங்கும். திடீர் அடியில் அறுந்துவிடும். நெகிழ்ந்து கொடுப்பதே நிலைக்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கென உருவான கூம்புமுனைத் தண்டு, அடி விழும்போது சாந்தை உழுதுகொண்டு சிறிது நகர்ந்து ஆற்றலை விழுங்குகிறது. எடை வீழ்த்தும் இச்சோதனைக்கு 2008இல் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு முறை வகுத்தது.

பாறை இயக்கவியலுக்கென நம் நாட்டின் தேசிய ஆய்வு நிறுவனம் 1988இல் தங்கவயலிலேயே தோன்றியது. நம் முன்னோர் உயிர் ஈந்த மண்ணில் அக்கல்வி வேர்கொண்டது பொருத்தமே. இளைஞர்களே! அவர்கள் கூடையும் கடப்பாரையும் ஏந்தி அச்சுரங்கத்தில் இறங்கினர். நீங்கள் அளவுகோலும் கணிதமும் ஏந்தி ஆய்வுக்கூடம் புகுதல் வேண்டும். எவ்வுயிரும் சோதனைப் பொருளாகாது காக்கும் கல்வியே அவர்தம் கடனைத் தீர்க்கும் கல்வி.