மலாய் மக்களின் தோற்றுவாய்

மலாய் மக்கள் இன்று மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் போர்னியோவின் கடலோரங்களிலும் தாய்லாந்தின் தென்கோடியிலும் வாழ்கிறார்கள். இவர்கள் பேசும் மொழி ஒரு திசையிலிருந்து வந்தது. இவர்களுக்கு அமைந்த பெயர் வேறோர் இடத்தில் பிறந்தது. இவர்களின் மரபணுவோ பல திசைகளையும் பல காலங்களையும் சேர்ந்தது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் மலாய் மக்களின் தோற்றம் பற்றிய பழைய விளக்கங்கள் தடுமாறின.

ஜெர்மானிய அறிஞர் புளூமன்பாக் 1795-இல் மனிதர்களை ஐந்து இனங்களாகப் பகுத்து, அவற்றில் ஒன்றுக்கு மலாய் என்று பெயரிட்டார். அதன்பின், ‘ஆதி மலாய்’ மக்கள் முதலிலும் ‘பிற்கால மலாய்’ மக்கள் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஆசிய நிலப்பகுதியிலிருந்து இறங்கி வந்தனர் என்ற இரட்டை அலைக் கோட்பாடு எழுந்தது. ஹைனே-கெல்டர்ன் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1932-இல், தீவுகளில் கிடைத்த கற்கோடரிகளின் வடிவத்தைக் கொண்டு இவ்விடப்பெயர்ச்சியை ஆசியப் பெருநிலத்தோடு இணைத்தார். இக்கோட்பாடு பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்தது. கோடரியின் வடிவம் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொள்ளக்கூடியது. அதை வைத்து ஒரு மக்களின் வம்சாவளியை எழுதியது வலுவான வாதமன்று.

மொழி தரும் சான்று இதைவிட உறுதியானது. மலாய், ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்கே மடகாஸ்கர் முதல் கிழக்கே ஈஸ்டர் தீவு வரை பரவிய இக்குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. இதன் மிகப் பழைய கிளைகள் தைவானின் பழங்குடி மக்களிடம் குவிந்திருப்பதால், குடும்பத்தின் தாயகம் தைவான் என்பதே பெரும்பாலான மொழியியலாளர் முடிவு. அங்கிருந்து ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் நெல்லும் மட்பாண்டமும் படகுக் கலையும் அறிந்த மக்கள் பிலிப்பைன்ஸ் வழியாகத் தெற்கே பரவினர். மலாயும் அதன் நெருங்கிய உறவான இபான், மினாங்கபாவ் போன்ற மொழிகளும் கிளைத்த இடம் மேற்கு போர்னியோவாக இருக்கலாம் என்று அடலார் போன்ற மொழியியலாளர் கருதுகின்றனர்.

ஆஸ்திரோனேசிய மொழி பேசிய இம்மக்கள் வந்து சேர்ந்த நிலம் ஆளற்றதாக இருக்கவில்லை. பனியூழியின் உச்சத்தில், 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் அப்போது சுந்தா என்னும் ஒரே நிலப்பரப்பு. பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் கிடைத்த ‘பேராக் மனிதன்’ எலும்புக்கூட்டுக்கு வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். கிளந்தானின் குவா சா குகையில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவரின் மரபணு, அந்தமானின் ஓங்கே மக்களோடு தொலைவான உறவைக் காட்டியது. ஓராங் அஸ்லி எனப்படும் தீபகற்பப் பழங்குடிகளுள், வேட்டையாடி வாழ்ந்த இத்தொல்குடிகளின் வழிவந்த செமாங், செனோய் பிரிவினர் இன்றும் பேசுபவை கம்போடியாவின் கெமர் மொழிக்கு உறவான மொழிகள்.

மலாயு என்ற பெயர் ஏட்டில் ஏறுவது 7-ஆம் நூற்றாண்டில். சுமத்ராவின் பத்தாங் ஹாரி ஆற்றங்கரையில், இன்றைய ஜாம்பிப் பகுதியில் இருந்த அந்த அரசு 640-களில் சீனத்துக்குத் தூது அனுப்பியது. 671-இல் புறப்பட்ட சீனத் துறவி யிசிங், பலெம்பாங்கை மையமாகக் கொண்ட சுமத்ரா அரசான ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் கற்றுவிட்டு மலாயுவுக்குச் சென்றார். அவர் திரும்பி வருவதற்குள் அது ஸ்ரீவிஜயத்தின் பிடிக்குள் போயிருந்தது. பலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு சக ஆண்டு 604-ஐ, அதாவது கி.பி. 682-ஐக் குறிக்கிறது. பழைய மலாய் மொழியில் இதுவரை கிடைத்தவற்றுள் காலம் குறித்த மிகப் பழைய கல்வெட்டு இது. அதன் எழுத்து பல்லவ எழுத்து. தென்னிந்தியக் கரைக்கும் சுமத்ராவுக்கும் இருந்த தொடர்புக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. இராசேந்திர சோழனின் 1025 படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் ஸ்ரீவிஜயத்துடனும் கடாரத்துடனும் ‘மலையூர்’ என்ற பெயரும் வருகிறது. அது மலாயுவே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

ஓர் ஆற்றங்கரை அரசின் பெயர் ஒரு பெரும் மக்களின் பெயராக விரிந்தது மலாக்காவால். 1400-ஐ ஒட்டி பரமேசுவரன் நிறுவிய அத்துறைமுகம் இஸ்லாத்தையும் மலாய் மொழியையும் அரசவை நாகரிகத்தையும் ஒன்றாகப் பிணைத்தது. 1511-இல் போர்த்துகீசியரிடம் நகரம் வீழ்ந்தபின்னும் அந்த நாகரிகம் ஜொகூர், பேராக், பகாங் அரசுகளில் தொடர்ந்தது. மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் நெகிரி செம்பிலானில் குடியேறினர். சுலவேசியின் பூகிஸ் மரபினர் 1766-இல் சிலாங்கூர் அரியணை ஏறினர். இவர்கள் எல்லாரும் நாளடைவில் மலாய்க்காரராயினர். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் அரபியரும் தமிழ் முஸ்லிம்களும் ஆவர்.

மரபணு ஆய்வுகள் இக்கலப்பை அப்படியே காட்டுகின்றன. மார்க் லிப்சன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு இந்தோனேசிய மக்களிடம் தைவான் வழிக் கூறோடு பெருநிலத் தென்கிழக்காசியக் கூறும் கணிசமாக இருப்பதைக் கண்டது. 2015-இல் தீபகற்பம், சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை ஆகிய இடங்களின் மலாய்க்காரர்களை ஆராய்ந்த டெங் குழு நான்கு கூறுகளைப் பிரித்தது: ஆஸ்திரோனேசியம் 17 முதல் 62 விழுக்காடு, ஆதி மலாய்ப் பழங்குடிக் கூறு 15 முதல் 31, கிழக்காசியம் 4 முதல் 16, தெற்காசியம் 3 முதல் 34. இடத்துக்கு இடம் இவ்வளவு மாறும் அளவுகள், தூய்மையான இரண்டு அலைகள் என்ற பழைய படத்தை நிற்கவிடுவதில்லை.

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் மொழி பேசி, மலாய் வழக்காறுகளைக் கடைப்பிடிப்பவரை மலாய்க்காரர் என்கிறது. அவரோ அவர் முன்னோரோ மலாயாவின் விடுதலை நாளுக்கு முன் கூட்டமைப்பிலோ சிங்கப்பூரிலோ பிறந்தோ, அந்நாளில் அங்கு நிலையாக வாழ்ந்தோ இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. எந்த இனக்குழுவின் வழிவந்தவர் என்று அது கேட்பதில்லை.