கனடியத் தொழிலாளர் எதிர்ப்பு நாள் (1976)

கனடியத் தொழிலாளர் எதிர்ப்பு நாள் என்பது, நடுவண் அரசின் ஊதியக் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் கனடியத் தொழிலாளர் பேரவை 1976 அக்டோபர் 14 அன்று நடத்திய ஒருநாள் வேலைநிறுத்தம் ஆகும். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதில் பங்குபற்றினர். 1919 ஆம் ஆண்டின் வினிப்பெக் பொது வேலைநிறுத்தம் ஒரு நகரை மையமாகக் கொண்டிருந்தது. இதுவோ நாடு தழுவியதாக அமைந்தது.

பின்னணி

1974 இல் கனடாவின் பணவீக்கம் 10 விழுக்காட்டைத் தாண்டியது. அவ்வாண்டுத் தேர்தலில், ஊதியங்களையும் விலைகளையும் தற்காலிகமாக உறையவைக்க வேண்டும் என முற்போக்குப் பழமைவாதக் கட்சித் தலைவர் ராபர்ட் ஸ்டான்ஃபீல்ட் முன்மொழிந்தார். பிரதமர் பியர் ட்ரூடோ அதனை எள்ளி நகையாடிப் பரப்புரை செய்து, பெரும்பான்மை பெற்றார். ஆயினும் 1975 அக்டோபர் 13 அன்று ட்ரூடோவே மூன்றாண்டுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தார்.

கட்டுப்பாடுகளும் எதிர்ப்பும்

திட்டத்தைச் செயற்படுத்தப் பணவீக்க எதிர்ப்பு வாரியம் அமைக்கப்பட்டது. பொதுவாக ஊதிய உயர்வு முதலாண்டில் 10, இரண்டாமாண்டில் 8, மூன்றாமாண்டில் 6 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும். நிறுவனமும் தொழிற்சங்கமும் பேசி உடன்பட்ட உயர்வையும் வாரியம் குறைக்க இயலும். இதனால் கூட்டுப் பேரம்பேசும் உரிமையே பொருளற்றதாகிறது என்று சங்கங்கள் வாதிட்டன. ஊதியம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை என்பதால் அதனைக் கட்டுப்படுத்துவது எளிது. ஆனால் உற்பத்திச் செலவு கூடியதைக் காட்டி நிறுவனங்கள் விலையை உயர்த்த வழியிருந்தது என்பது அவற்றின் மற்றொரு குறை.

சட்டம் செல்லுமா என்ற கேள்வியில், அது நெருக்கடிக்கால நடவடிக்கை என்ற அடிப்படையில் செல்லும் என 1976 சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேலைநிறுத்தம்

கனடியச் சட்டப்படி, ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள காலத்தில் வேலைநிறுத்தம் செய்வது குற்றம். பங்கேற்றவர்களுள் பலர் தண்டனைக்கு உள்ளாகும் வாய்ப்பை அறிந்தே வேலைக்குச் செல்லவில்லை. சோ மொரிஸ் தலைமையிலான பேரவையும் இதனை வேலைநிறுத்தம் என்னாது 'எதிர்ப்பு நாள்' என்றே அழைத்தது. கட்டுப்பாடுகளின் முதலாம் ஆண்டு நிறைவு நாளே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பங்கேற்பு இடத்துக்கு இடம் வேறுபட்டது. நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் ஆதரவு மிக வலுவாக இருந்தது.

விளைவுகள்

அரசு கட்டுப்பாடுகளை உடனே விலக்கவில்லை. 1978 இல் அவை படிப்படியாக நீக்கப்பட்டன. 1982 இல் நடுவண் அரசு ஊழியர்களின் ஊதிய உயர்வை முதலாண்டில் 6, அடுத்த ஆண்டில் 5 விழுக்காடு என வரையறுக்கும் சட்டத்தை ட்ரூடோ அரசு மீண்டும் கொண்டுவந்தது.