மீனும் குறுணலும்: திருகோணமலையின் நாய்ச் சட்டி

எங்கள் ஊரில் நாய்ச் சோறு என்றால் மீன் சோறுதான். குறுணல் அரிசியும் சூடை மீனும் உப்பில்லாமல் பழைய அலுமினியச் சட்டியில் வேகும் வாசம், டச்சுக் குடாப் பக்கத்து வளவுகளில் பின்னேரம் நாலு மணிக்கே கிளம்பிவிடும். நான் பிறந்த வீட்டில் அந்தச் சட்டி இருந்தது, இப்போது என் வீட்டிலும் இருக்கிறது. இது வசதியில்லாதவர்களின் ஏற்பாடு, கடையில் விற்கும் பைக்கற் உணவுதான் தரமானது என்று இளையவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. துறைமுகத்துக்குள் எது வந்தது, எது வராமல் நின்றது என்பதை மனிதரின் கோப்பைக்கு முன்பே நாயின் சட்டி காட்டிக்கொடுத்த ஊர் இது.

கரைவலையில் தொடங்குகிறேன். வாடைக்காற்று ஓய்ந்து, பங்குனி சித்திரையில் கடல் படிந்ததும் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிக் கரைகளில் மீன்வாடிகள் எழும்பும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். தோணியில் போய் வலையை வளைத்து, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுத்து, மடி மணலில் ஏறியதும் பாரையும் கட்டாவும் முதலில் பிரியும். பிறகு கீரி, சூடை, நெத்தலி. கூடைகள் போனபின் மணலில் மிஞ்சுவது காரல் குஞ்சும் நசுங்கிய சூடையும். அது நாய்களின் பங்கு. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அதற்குக் கணக்குக் கேட்கமாட்டார். பேத்தை விழுந்தால் மட்டும் கதை வேறு. வயிறு ஊதிக் கிடக்கும் அந்த மீனை நாய் மோந்து பார்க்கும் முன்பே யாராவது ஒரு பெரியவர் காலால் குழி தோண்டிப் புதைத்துவிடுவார். பேத்தையின் நஞ்சு அவித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் காரல் சொதி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் அம்மம்மா குட்டி போட்ட பெட்டை நாய்க்கும் அதே காரலை, மிளகாயும் வெங்காயமும் இல்லாமல், முள் கரையும்வரை அவித்துக் கொடுப்பார். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்று பிற்காலத்தில் மிருக வைத்தியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மம்மா எப்படி அறிந்தாரோ, வெங்காயம் போட்ட எதையும் நாய்க்கு வைக்க விடமாட்டார்.

கப்பலில் வந்த சாப்பாடு இன்னொரு வழி. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் 1957 ஒக்டோபர் வரை இங்கே கடற்படையை வைத்திருந்தார்கள். பாய்க்கப்பல் காலத்து மாலுமியின் படி உப்பில் ஊறிய மாட்டிறைச்சியும், மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து கல்லாகச் சுட்ட பிஸ்கட்டும். இன்றைய நாய் உணவுத் தொழிலே அந்தப் பிஸ்கட்டிலிருந்து பிறந்தது என்பார்கள். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க இங்கிலாந்துக்குப் போன இடத்தில், துறைமுக நாய்கள் கப்பல் பிஸ்கட்டுக்கு அடிபடுவதைக் கண்டு யோசனை பெற்றார் என்பது வழிவழியாக வரும் கதை. கதை எப்படியோ, 1860களில் அவர் கோதுமையும் காய்கறியும் மாட்டிறைச்சியும் கலந்து நாய்க்கென்று கேக் செய்து லண்டனில் விற்றது உண்மை. வாங்கியவர்கள் வேட்டை நாய் வளர்த்த சீமான்கள். விலைக்கு வாங்கும் நாய்ச் சாப்பாடு தொடங்கும்போதே பணக்காரச் சாமான்தான்.

எங்கள் அப்பப்பா டொக்யாட்டில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்கார அதிகாரிகளின் நாய்களுக்கு இறைச்சிக் கடையிலிருந்து தனியாக எலும்பும் ஈரலும் போகும் என்று சொல்வார். குசினியில் மிஞ்சியது வேலைக்காரர் வீடுகளுக்கு வந்து, அங்கும் மிஞ்சியது தெருவுக்கு வரும்.

1942 இந்த ஒழுங்கைக் குலைத்தது. மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. சனம் ஊரை விட்டு ஓடியது, அரிசிக்குக் கூப்பன் வந்தது. பங்கீட்டு அரிசியில் நாய்க்குப் பங்கில்லை. அப்போதுதான் கோதுமை மா இலங்கைக் குசினிகளில் காலூன்றியது. காய்ந்த பாணும் ரொட்டித் துண்டும் நாய்ச் சட்டிக்கு வந்தன. 1953 ஜூலையில் கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது நாடே கொதித்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. எழுபதுகளில் மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகவும் தடை. விடியுமுன் பாணுக்கு வரிசை. தம்பலகாமத்து வயல் பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் மரவள்ளி தின்றோம், எங்கள் நாயும் அவித்த மரவள்ளியும் மீன் தலையும் தின்றது. உடம்பு வாடவில்லை, ஏனென்றால் மீன் குறையவில்லை. அந்த ஆண்டுகளில் நான் கற்ற பாடம் அது. அரிசி மாறலாம், கிழங்கு வரலாம், மீன் நின்றால்தான் நாய்க்குப் பஞ்சம்.

1980இல் சீனக்குடாவில் பிறிமா மாவாலை ஓடத் தொடங்கியது. அதன் பின் பாண் எங்கள் ஊரின் அன்றாடச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. அதோடு, பாணைத் தேநீரில் நனைத்து நாய்க்குப் போடும் கெட்ட பழக்கமும் வளர்ந்தது. வயிறு நிறையும், தசை பிடிக்காது. சீனியும் தேயிலையும் நாய்க்கு ஆகாதவை.

போர்க்காலத்தைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, பாஸ், சில கரைகளில் முற்றாகத் தடை. 1990இல் தெருத் தெருவாகச் சனம் இடம்பெயர்ந்தபோது நாய்கள் வளவுகளில் நின்றுவிட்டன. எங்கள் ஒழுங்கையில் தங்கிய இரண்டு மூன்று வீட்டார் ஒரே கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி, போனவர்களின் நாய்களுக்கும் ஊற்றினோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல வாரங்கள் யாரும் மீன் தின்ன மனம் கொள்ளவில்லை. விற்காத மீன் நாய்களுக்குப் போனது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கும்.

பைக்கற் உணவு எங்கள் கடைகளில் வரிசையாக நின்றது போர் முடிந்த பிறகுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது இறக்குமதிப் பைக்கற்றின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அதில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையிலேயே கிடந்தன. அந்த மாதங்களில் துடுப்புப் போட்டு வளைத்த கரைவலைதான் எங்கள் தெரு நாய்களைக் காப்பாற்றியது. நான் நேரில் கண்டது இது.

மலிவு என்பதற்காக மட்டும் நான் இந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மாச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி என்றால் நாய்க்கு நாலு முதல் முப்பது வரை உண்டு என்று காட்டியது. மனிதரோடு தின்று தின்றே நாய் மாச்சத்துக்குப் பழகியது. எடைக்கு இரண்டு பங்கு சோறும் ஒரு பங்கு சூடையும் போட்டால், ஈரம் கழித்த கணக்கில் புரதம் கால்வாசியைத் தாண்டும். வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 வீதம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீவன அளவுகோல். சூடையைத் தலையும் முள்ளுமாகப் பிரஷர் குக்கரில் மெழுகாக அவித்தால் கல்சியமும் சேரும். பச்சையாகப் போடக் கூடாது. இந்தக் குலத்து மீன்களில் பி1 விற்றமினைத் தின்னும் நொதியம் உண்டு, வேகும்போது அது அழியும். ஒரு துண்டு பூசணி, ஒரு பிடி முருங்கை இலை, வாரத்தில் இரண்டு நாள் ஈரல். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பதினைந்து கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 850 கலோரி போதும். இருந்தாலும் இந்தச் சட்டி ஒன்றிலேயே எல்லாச் சத்தும் நிறையாது, குட்டிக்கும் நோயாளி நாய்க்கும் மிருக வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

சந்தையில் என்னைக் கண்டதும் மீன்காரத் தம்பி, “ரீச்சர், நாய்க்குத் தலை எடுத்து வச்சிருக்கன்” என்பான். “தலை வேணாம் தம்பி, சூடை முழுசாத் தா, காசு தாறன்” என்பேன். பாரைத் தலையின் கட்டை முள் அவித்தால் கூராக உடைந்து தொண்டையில் நிற்கும், சூடை முள் நிற்காது. கார்த்திகை மார்கழியில் வாடை எழும்பிக் கடல் கொந்தளித்தால் அவனிடமும் மீன் இருக்காது. கடல் படியும்வரை நான் முட்டையும் கோழி ஈரலும் வாங்குகிறேன், முட்டைக் கோதை வறுத்து மாவாக்கிக் கல்சியத்துக்குச் சேர்க்கிறேன். பங்குனியில் மறுபடி சூடை.