கோயிலை விட்டு வெளியேறு! - முதலில் சொன்னது யார்?

போன செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டு சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டியிலேர்ந்து பக்கம்தான். ஆனா செவ்வாய்க்கிழமைன்னா சாமியைப் பார்க்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். வரிசையில முன்னாடி நின்ன பெரியவர் அறநிலையத்துறை போர்டைப் பார்த்துட்டு ஆரம்பிச்சார். "கோயில்ல கவர்மெண்டுக்கு என்ன தம்பி வேலை? வெளியே போகச் சொல்லணும்!"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கல. "ஐயா, இந்த ஊர்ல இதை முதல்ல கோரிக்கையா எழுதி அரசாங்கத்துக்கிட்ட குடுத்தது யாரு தெரியுமா? வெள்ளைக்கார கிறிஸ்தவங்க"ன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். அதுக்குள்ள வரிசை நகர்ந்துடுச்சு. அம்மா முறைச்சாங்க. அவர்கிட்ட சொல்லாம விட்ட மிச்சக் கதைதான் இந்தப் பதிவு.

இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவம்னா நமக்கு அமெரிக்கா ஞாபகம்தான் வரும். 1979-ல் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' ஆரம்பிச்சது, ரீகனுக்கு ஓட்டு சேர்த்தது, இப்படி. பைபிள் சொன்னதே கடைசி வார்த்தை, ஒவ்வொருத்தரும் தனித்தனியா மனம் திரும்பணும், அந்தச் செய்தியை ஊருக்கெல்லாம் சொல்லியே ஆகணும். இதுதான் அவங்க நம்பிக்கை. இந்த நம்பிக்கையோட அரசியலுக்குள்ள வந்து, அரசாங்கக் கொள்கையையே திருப்பின ஒரு கூட்டம் அதுக்கு 170 வருஷம் முன்னாடியே லண்டன்ல இருந்தது. அவங்க திருப்பின கொள்கைகள்ல ஒண்ணு நேரா நம்ம ஊர்க் கோயில் வாசலுக்கு வந்து நின்னுச்சு.

லண்டன் பக்கத்துல கிளாபம்னு ஒரு ஊர். அங்கே கூடினவங்கதான் வில்பர்ஃபோர்ஸ், சார்லஸ் கிராண்ட் எல்லாம். 1807-ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வர முன்னால நின்னது இந்தக் கூட்டம்தான். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. அதே வேகத்தோட அவங்க இந்தியா பக்கமும் திரும்பினாங்க.

அப்போ கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டாலே ஆகாது. மதத்துல கை வெச்சா வியாபாரம் கெட்டுடும்னு பயம். வில்லியம் கேரி கம்பெனி எல்லைக்குள்ள வேலை செய்ய முடியாம, டேனிஷ்காரங்க கையில இருந்த செராம்பூருக்குப் போனார். 1806-ல் வேலூர்ல சிப்பாய்கள் கிளம்பினப்போ, தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றின புது உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். ஆனா லண்டன்ல ஒரு கோஷ்டி "எல்லாம் மிஷனரிகளால வந்த வினை"ன்னு கத்துச்சு. கிளாபம் கோஷ்டி அசரல. சர்ச் சர்ச்சா கையெழுத்து வாங்கி நூற்றுக்கணக்கான மனுக்களைப் பார்லிமெண்ட்ல குவிச்சாங்க. 1813 சாசனச் சட்டத்துல மிஷனரிகளுக்குக் கதவு திறந்துச்சு.

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

பொன்னேரி பக்கமெல்லாம் சேர்ந்த அன்றைய செங்கல்பட்டு ஜாகீருக்கு 1790-களில் லியோனல் பிளேஸ்னு ஒரு கலெக்டர். மதுராந்தகம் ஏரிக்கரையில ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நின்னதைப் பார்த்தார்னு தலபுராணம் சொல்ற அதே துரை. காஞ்சிபுரம் கோயில் திருவிழாக்களை நல்லபடியா நடத்தி வைக்கிறது சர்க்காரோட கடமைன்னு நினைச்சவர் அவர். இதுல பக்தியைவிடக் கணக்குதான் அதிகம். இந்த நாட்டுல ராஜான்னா கோயிலைக் காப்பாத்தணும். காப்பாத்தினாத்தான் ஜனங்க ராஜான்னு ஒத்துக்குவாங்க. கம்பெனி அந்த நாற்காலியில உட்கார்ந்துச்சு, அவ்வளவுதான்.

1817-ல் சென்னை மாகாணத்துல 7-ஆம் எண் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. கோயில், மசூதி, சத்திரம் எல்லாத்தோட மானியமும் ரெவின்யூ போர்டு மேற்பார்வைக்குப் போச்சு. திருப்பதி கோயிலை 1801-லிருந்தே கம்பெனி பார்த்துக்கிட்டு இருந்துச்சு. செலவு போக உண்டியல் மிச்சம் கஜானாவுக்கு! திருவிழாவுக்குப் பட்டாளம் மரியாதை செய்யும், பீரங்கி முழங்கும். தேர் வடம் இழுக்க ஊர் ஊரா ஆளைத் திரட்டி அனுப்பறது தாசில்தார் வேலை.

இதைப் பார்த்த இவாஞ்சலிக்கல் அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும்? சிலை வணக்கம் பாவம்னு நம்பறவன், சிலைக்கு முன்னாடி சிப்பாய்களை நிறுத்தி சல்யூட் வைக்கணும். "கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரகத்துக்குக் கணக்கெழுதுதே"ன்னு இங்கிலாந்துல பிரசங்கம், துண்டுப்பிரசுரம் எல்லாம் பறந்துச்சு. 1833-ல் கம்பெனியை மேற்பார்வை பார்க்கிற போர்டுக்குத் தலைவரா இருந்தவர் யாருங்கறீங்க? நம்ம சார்லஸ் கிராண்டோட பையன், அவர் பேரும் சார்லஸ் கிராண்ட்தான். யாத்திரை வரியை நிறுத்து, கோயில் நிர்வாகத்துல தலையிடாதேன்னு உத்தரவு கிளம்பிச்சு.

சென்னைக்கு உத்தரவு வந்துச்சு, வந்து தூங்குச்சு (நம்ம ப்ராஜெக்ட் டெட்லைன் மாதிரி). 1836-ல் பாதிரியார்கள், சிவில் அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள்னு சுமார் 200 பேர் கையெழுத்து போட்டு ஒரு மனு தயாராச்சு. சென்னையோட முதல் பிஷப் டேனியல் கோரி அதைக் கவர்னர்கிட்ட கொண்டு போனார். கிடைச்சது திட்டுதான். 1838-ல் சென்னை ராணுவத்தோட தலைமைத் தளபதி சர் பெரக்ரின் மெய்ட்லாண்ட் இந்த விஷயத்துக்காக வேலையையே ராஜினாமா பண்ணினார். தளபதியே கிளம்பிட்டார்னா லண்டன் சும்மா இருக்குமா? 1840-களின் தொடக்கத்துல கம்பெனி கோயில்களை ஒண்ணொண்ணா கைவிட ஆரம்பிச்சுது. திருப்பதி 1843-ல் ஹாதிராம்ஜி மடத்து மகந்து கைக்குப் போச்சு.

அவங்களோட கணக்கு ரெண்டு. ஒண்ணு மனசாட்சி. அதை நான் மதிக்கிறேன். நம்பாத சாமிக்கு முன்னாடி ஒருத்தனைக் கட்டாயமா நிறுத்தறது தப்புதான். இன்னொண்ணு நப்பாசை. அரசாங்கம் முட்டுக் குடுக்கிறதாலதான் கோயில் நிக்குது, முட்டை எடுத்தா தானா சாஞ்சுடும்னு பலர் நம்பினாங்க.

சாயல. நடந்தது தலைகீழ். அதே 1840-களில் இவாஞ்சலிக்கல் சாய்வுள்ள கவர்னர் ட்வீடேல், அரசுப் பள்ளியில பைபிள் பாடம் வைக்கலாம்னு கிளம்பினார். காஜுல லட்சுமிநரசு செட்டி 'கிரசெண்ட்' பத்திரிகையில பொரிஞ்சு தள்ளினார். 1846-ல் சென்னையில பெரிய கூட்டம் போட்டு லண்டனுக்கு மனு அனுப்பினாங்க. கம்பெனி டைரக்டர்கள் பைபிள் பாடத்தை ஏத்துக்கல. கையெழுத்து வாங்கி மனு போடற வித்தையை இவாஞ்சலிக்கல்காரங்க காட்டினாங்க, நம்மாளுங்க அதையே அவங்க மேல திருப்பினாங்க. அந்தச் செட்டியார்தான் 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தையும் ஆரம்பிச்சார். சென்னையில அரசியல் சங்கம்னு ஒண்ணு முளைச்சதுல இந்தச் சண்டைக்கும் பங்கு உண்டு.

சரி, அரசாங்கம் வெளியே போனப்புறம் கோயில் என்னாச்சு? பெரியவருக்கு நான் சொல்ல நினைச்சது இதைத்தான்.

சாவி தர்மகர்த்தாக்கள் கைக்குப் போச்சு. கணக்கு கேட்க ஆள் இல்லை. 1863-ல் 20-ஆம் எண் சட்டம் போட்டு அரசாங்கம் முழுசா கை கழுவிச்சு. உள்ளூர்க் கமிட்டிகள் வந்துச்சு. அடுத்த அறுபது வருஷம் கோயில் நிலம் போச்சு, நகை போச்சுன்னு கோர்ட்டு கோர்ட்டா வழக்கு. அரசாங்கம் திரும்ப உள்ள வரணும்னு கேட்டதே இந்துக்கள்தான். நீதிக்கட்சியோட பனகல் அரசர் காலத்துல 1925-ல் சட்டம் வந்து வாரியம் உருவாச்சு. 1951, 1959 சட்டங்கள், இன்னிக்கு இருக்கிற அறநிலையத்துறை எல்லாம் அதோட வாரிசு.

எங்க தாத்தா ஊர்ல ஒரு சின்ன சிவன் கோயில். பரம்பரை தர்மகர்த்தா குடும்பம் பார்த்துக்கிட்ட காலத்துல நிலம் கரைஞ்சுதுன்னு தாத்தா திட்டுவார். துறை கைக்கு வந்தப்புறமும் விளக்குக்கு எண்ணெய் இல்லைன்னு அப்பா திட்டறார். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்.

அதனால பெரியவரோட கோபத்தை நான் தப்புன்னு சொல்ல வரல. ஆனா இந்தக் கோரிக்கை ஏற்கனவே ஒரு தடவை நிறைவேறியிருக்கு. கோயிலே விழணும்னு நினைச்சவங்களும் சேர்ந்து கேட்டு நிறைவேத்தினது. எண்பது வருஷம் ஓடி, அப்புறம் நாமளே வேணாம்னு திருப்பினது. மறுபடி கேட்கறதுன்னா, "சாவி யார்கிட்ட?"ங்கறதோட "கணக்கை யார் பார்ப்பாங்க?"ங்கறதையும் சேர்த்துக் கேட்கணும். 1843-ல் அந்த ரெண்டாவது கேள்வியை யாரும் சரியா கேட்கல.

அடுத்த செவ்வாய் அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தா இதைச் சொல்லணும். அம்மா பக்கத்துல இல்லைன்னா :-)

பி.கு: உங்க ஊர்க் கோயில் சாவி கைமாறின கதை ஏதாவது வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா கேட்டு எழுதுங்க மக்களே. கல்வெட்டுல வராத சரித்திரம் அது.