முடிவைக் கேளாத கொடை

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் பசித்தவருக்குச் சோறிடுவது முதலாவதன்பாற்படும். ஏடெழுதுவித்து வழங்குவது சாத்திர தானம். பசித்தவர் ஏன் பசித்திருக்கிறார் என்று ஆராய்வதற்குப் பொருள் ஈவது இவற்றுள் எதன்பாற்படும் என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. அத்தகைய கொடை ஒன்றைப் பம்பாய்ச் செல்வர் ஒருவர் 1912ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஜாம்செட்ஜி டாடாவின் இளைய மைந்தரான ரத்தன் டாடா அவர். (அண்மையில் மறைந்த ரத்தன் டாடா வேறு. முன்னவரின் மனைவியார் நவாஜ்பாய் சுவீகாரம் செய்துகொண்ட மைந்தரின் மகன் இவர்.) வறுமையைத் தடுக்கவும் தணிக்கவும் உரிய வழிகளை ஆராய்வதற்கென ஆண்டுக்கு 1,400 பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர அவர் இசைந்தார்.

அப்பொருள் சென்று சேர்ந்த இடம் லண்டன் பொருளியல் பள்ளி. இன்று உலகறிந்த அந்நிறுவனத்துக்கு அன்று பதினேழு வயது. அரசின் கொள்கைகளை ஆராயும் கல்விக்கூடம் ஒன்றைக் கையில் மூலதனம் இன்றித் தொடங்கி, பலரிடமும் கேட்டுப் பெற்றே வளர்த்த வரலாறு அதனுடையது. கேட்பதை ஒரு கலையாகவே பயின்றவர்கள் அதன் நிறுவனர்களான சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியர்.

முதற்பொருள் எதிர்பாராமல் வந்தது. டார்பி நகரத்து வழக்கறிஞரும் ஃபேபியன் சங்க உறுப்பினருமான ஹென்றி ஹண்ட் ஹட்சின்சன் 1894இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய உயிலில் சொத்தின் பெரும்பகுதி சங்கத்தின் பிரசாரத்துக்கும் பிற நோக்கங்களுக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. பத்து ஆண்டுகளுக்குள் செலவிட்டு முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொறுப்பாளர் குழுவின் தலைவர் சிட்னி வெப். அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் சர்ரே மாவட்டத்துப் பண்ணை வீடொன்றில் காலை உணவின்போது வெப் தம்பதியரும் கிரஹாம் வாலஸும் பெர்னார்ட் ஷாவும் இது பற்றிக் கலந்து பேசினர். பொருளியலையும் அரசியலையும் கற்பித்து ஆராயும் பள்ளி ஒன்றைத் தொடங்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது.

சிக்கலும் அங்கேயே முளைத்தது. ஹட்சின்சன் சமதர்மக் கொள்கையைப் பரப்பக் கொடுத்தார். வெப் நிறுவ விரும்பியதோ எக்கட்சிக்கும் சாராத ஆய்வுக்கூடம். இறந்தவரின் கருத்தை மீறுவதாகாதா என்று ஷா கடுமையாகவே கேட்டார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான ராம்சே மெக்டொனால்டும் எதிர்த்தார். வெப் சட்ட அறிஞர் ஹால்டேனிடம் ஆலோசனை கேட்டார். ஹால்டேன் இரண்டே வினாக்களை எழுப்பியதாகச் சொல்வர். வெப் இன்னும் சமதர்மத்தை நம்புகிறாரா? சமூகத்தை எவ்வளவு நுணுகி ஆராய்கிறோமோ அவ்வளவுக்கு அக்கொள்கையின் உண்மை புலப்படும் என்று கருதுகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்ததும், அவ்வாறாயின் தடையில்லை என்றார் ஹால்டேன். இவ்விடையில் வழக்கறிஞரின் சாமர்த்தியம் கொஞ்சம் கலந்திருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வெப் தாம் சொன்னதை நம்பினார் என்பதற்கு அவருடைய அடுத்த செயலே சான்று. பள்ளியின் முதல் இயக்குநராக அவர் அமர்த்திய ஹியூவின்ஸ் சமதர்மவாதியல்லர். பிற்காலத்தில் கன்சர்வேடிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர்.

1895 அக்டோபரில் அடெல்ஃபி பகுதியில், ஜான் தெரு 9ஆம் எண் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. அதன்பின் பொருள் தேடும் படலம். வெப் தம்பதியர் எல்லாரிடமும் ஒரே வேண்டுகோளை நீட்டவில்லை. எவருக்கு எதில் ஆர்வமோ அதைக் கண்டறிந்து அதற்குரியதையே கேட்டனர். லண்டன் மாவட்ட மன்றத்தின் தொழிற்கல்விக் குழுவிடம் வணிகக் கல்வியின் பயனை எடுத்துரைத்து மானியம் பெற்றனர். அக்குழுவின் தலைவரும் சிட்னி வெப்பே என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. இன்று அப்படிச் செய்தால் தணிக்கையாளர் புருவம் உயர்த்துவார். 1896இல் நூலகம் ஒன்றுக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. அயர்லாந்துச் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லட் பெய்ன்-டவுன்ஷெண்ட் அம்மையார் அதற்கு 1,000 பவுன் அளித்தார். பள்ளி குடிபெயர்ந்த புதிய கட்டடத்தின் மேல்தளத்தைத் தாமே வாடகைக்கு எடுத்து, மாதர் கல்விக்கு உதவித்தொகையும் ஏற்படுத்தினார். (இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஷாவை மணந்தார்.) செய்தித்தாள் அதிபர் பாஸ்மோர் எட்வர்ட்ஸுக்குக் கட்டடங்கள் எழுப்புவதில் விருப்பம், அவரிடமிருந்து 10,000 பவுன் கட்டடத்துக்கு வந்தது. நிலத்தை மாவட்ட மன்றம் கொடுத்தது. 1900இல் பள்ளி லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. 1902இல் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது.

தமிழகத்துப் பள்ளிகளின் கல்வெட்டுகளைப் படித்தோருக்கு இம்முறை புதிதன்று. ஒருவர் விளக்கெரிக்கப் பொன் வைப்பார். மற்றொருவர் துறவியர்க்கு உணவளிக்க நிலம் விடுவார். எதற்கென்று கல்லில் வெட்டிவிட்டால் பின்வருவோர் மாற்ற முடியாது. ஆயின் ஆய்வுக்கென்று கொடுப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. விளக்குக்குக் கொடுத்தவர் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். ஆய்வுக்குக் கொடுத்தவர் என்ன விடை வரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. வரும் விடை கொடுத்தவருக்கே கசக்கவும் கூடும்.

ரத்தன் டாடா அதை அறியாதவராக இருந்திருக்க முடியாது. பல துறைகளில் கொடுத்துப் பழகியவர் அவர். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போருக்கு 1909இல் 25,000 ரூபாய் அனுப்பினார். பின்னும் பலமுறை அனுப்பினார். கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்துக்கு உதவினார். பாடலிபுத்திர அகழாய்வுக்கும் அவர் பொருள் அளித்தார். பத்திரபாகு முனிவரைப் பின்பற்றிச் சந்திரகுப்த மௌரியன் தெற்கே புறப்பட்ட நகரம் அதுவென்பதைச் சமணக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குமராகரில் ஸ்பூனர் மண்ணைத் தோண்டி மௌரியர் காலத்துத் தூண் மண்டபத்தின் எச்சங்களைக் கண்டது இப்பொருளைக் கொண்டே.

லண்டன் கொடையால் அமைந்த ரத்தன் டாடா ஆய்வு நிலையத்துக்கு 1913இல் இயக்குநராக வந்தவர் ஆர்.எச். டானி. தொழிலாளருக்கு மாலை வகுப்பு நடத்திப் பெயர் பெற்றவர். அவர் பிறந்த ஊர் கல்கத்தா. அவருடைய தந்தையார் சார்ல்ஸ் ஹென்றி டானி கல்கத்தா மாநிலக் கல்லூரியின் முதல்வர். சிறந்த வடமொழி வல்லுநர். கதாசரித்சாகரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். ஆனால் சமணக் கதைத் தொகுப்பான கதாகோசத்தை 1895இலும், சுவேதாம்பர ஆசாரியர் மேருதுங்கரின் பிரபந்த சிந்தாமணியை 1901இலும் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. வணிகரின் கொடைச் சிறப்பும் அரசரின் பெருமையும் பேசும் அந்நூல்களைப் பெயர்த்தவரின் மகன், இந்திய வணிகர் ஒருவரின் கொடையைக் கொண்டு ஆங்கில நாட்டு வறுமையை ஆராயப் புகுந்தார்.

டானியின் தொடக்க உரையே நன்கொடையாளரைத் திடுக்கிடச் செய்திருக்கக் கூடியது. வறியவரின் குணக்கேட்டை ஆராய்வதை விடுத்து, தொழில் அமைந்திருக்கும் முறையை ஆராய வேண்டும். செல்வம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்று கேளாமல் வறுமையைப் பற்றிக் கேட்பதில் பொருளில்லை என்பது அதன் சாரம். பம்பாயிலிருந்து மறுப்பு எழவில்லை. மூன்றாண்டுக் கெடு முடிந்த பின்னும் கொடை நீட்டிக்கப்பட்டது.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது சங்கிலித் தொழில். கிராட்லி ஹீத் என்னும் ஊரில் பெண்கள் தம் வீட்டுப் புறக்கடை உலைகளில் இரும்பைக் காய்ச்சிச் சங்கிலி அடித்துவந்தனர். சட்டப்படி அமைந்த வாரியம் 1910இல் அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்னி என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. முதலாளிகள் பலர் அதைத் தர மறுத்ததால் அவ்வாண்டே நெடிய போராட்டம் மூண்டது. கூலியை உயர்த்தினால் வேலையே போய்விடும் என்று அஞ்சியோர் பலர். டானி நேரில் விசாரித்து 1914இல் வெளியிட்ட நூலில், கூலி உயர்ந்தது, அஞ்சியபடி வேலையிழப்பு நேரவில்லை என்று காட்டினார். அடுத்த ஆண்டில் தையல் தொழிலைப் பற்றிய நூல் வந்தது.

அதே 1915இல் வெளிவந்த மற்றொரு நூல் இன்னும் ஆழமான தடம் பதித்தது. புள்ளியியல் அறிஞர் ஏ.எல். பௌலியும் அவருடைய இளம் துணைவர் பர்னெட்-ஹர்ஸ்டும் நார்த்தாம்ப்டன், வாரிங்டன், ஸ்டான்லி, ரெடிங் ஆகிய நான்கு ஊர்களின் தொழிலாளர் வீடுகளை ஆராய்ந்தனர். எல்லா வீடுகளுக்கும் செல்ல ஆளும் பொருளும் இல்லை. ஆகவே ஏறத்தாழ இருபதுக்கு ஒரு வீடு என்று விருப்பு வெறுப்பின்றித் தேர்ந்தெடுத்து, அதைக்கொண்டு ஊர் முழுவதையும் கணித்தனர். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நம் பாட்டிமார் அறிவர். எத்தனை சோறு எடுத்தால் பிழை எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுச் சொன்னது பௌலியின் பெருமை. இன்று நாடெங்கும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்புகளுக்கு முன்னோடிகளுள் ஒன்று அது. கண்ட முடிவோ பலருக்கும் உவப்பானதன்று. குடியும் சோம்பலும் வேலையின்மையும் அல்ல, முழுநேரம் உழைத்தும் குடும்பத்துக்குப் போதாத கூலியே வறுமையின் முதற்காரணம் என்று அந்நூல் கூறிற்று.

போருக்குப் பின் வெவரிட்ஜ் இயக்குநரான காலத்தில் அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பெரும்பொருள் பள்ளிக்கு வரத் தொடங்கியது. அதன் எதிரில் டாடாவின் 1,400 பவுன் சிறிது. அப்பொருள் தந்த வளர்ச்சியைக் கண்முன் கண்டபோதும், அங்கேயே பேராசிரியராக இருந்த ஹெரால்ட் லாஸ்கி ஓர் அச்சத்தை எழுத்தில் வைத்தார். அறக்கட்டளைகள் ஆய்வாளருக்குக் கட்டளையிடுவதில்லை, கட்டளையிடத் தேவையுமில்லை. எதற்குப் பொருள் கிடைக்கும் என்பதை மோப்பம் பிடித்துப் பல்கலைக்கழகங்கள் தாமே அப்பக்கம் சாய்ந்துவிடும் என்றார் அவர். நன்கொடை வேண்டுகோள் தயாரிக்கும் எவரும் இதை ஒருமுறை படித்துவிட்டு எழுதுவது நலம். வெப் தம்பதியரின் சாதுரியத்திலும் இவ்வபாயம் ஒளிந்திருந்தது.

ரத்தன் டாடா 1916இல் சர் பட்டம் பெற்று, 1918இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் காலமானார். பள்ளியின் சமூக அறிவியல் துறை நெடுங்காலம் அவர் பெயரைத் தாங்கி நின்றது. இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த ஆட்லி, தம் இளமையில் அத்துறையில் பாடம் சொன்னவர்.

பௌலியுடன் வீடுவீடாகச் சென்ற பர்னெட்-ஹர்ஸ்ட் பின்னர் இந்தியாவுக்கு வந்து அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ரெடிங் நகரத்தில் பழகிய முறைகளை அவர் அடுத்துக் கொண்டுசென்றது பம்பாய் ஆலைத் தொழிலாளரின் சால் குடியிருப்புகளுக்கு. டாடா குடும்பத்தாரின் சுதேசி ஆலை நடந்ததும் அந்நகரிலேதான். ஒற்றை அறைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்ததையும், அவர்கள் பெற்ற கூலியையும், கைக்குழந்தைகள் இறந்துபோன கணக்கையும் திரட்டி, பம்பாயின் உழைப்பாளர் வாழ்வும் வீடும் பற்றி அவர் எழுதிய நூல் 1925இல் வெளிவந்தது. லண்டன் பொருளியல் பள்ளியின் ஆய்வு வரிசையில் ஒன்றாகவே அது அச்சிடப்பட்டது.