சக மாணவர் துணை: செயல்வழிக் கற்றலும் ஆரணி வட்டாரமும்

வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் பாடம் கற்பதையும், அந்தப் பழக்கத்திலேயே ஒருவர்மீது ஒருவர் அக்கறை கொள்வதையும் அன்றாட ஏற்பாடாக ஆக்கிவிடும் முறையே சக மாணவர் துணை. தமிழ்நாட்டில் இது செயல்வழிக் கற்றல் வழியாகப் பரவியது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய அம்முறை, 2007-08 கல்வியாண்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மூலம் மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியை வைத்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பட்டு நெய்யும் இந்த ஊரில் கூடி வேலை செய்வது பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய ஒன்றாக ஒருபோதும் இருந்ததில்லை.

தறியும் பிள்ளைகளும்

நெசவாளர் வீட்டில் தறி ஓட எல்லோருடைய கையும் வேண்டும். தார் சுற்ற ஒருவர், பாவு ஓட்டச் சிலர். பழைய பாவின் இழை முனையோடு புதிய பாவின் இழை முனையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கப் பொறுமையும் கூர்மையான கண்ணும் உள்ள ஒருவர். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், நாடாவும் மூன்று. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மறுகரையின் நாடாவைத் தள்ளித்தர வேண்டும். இருவர் கையும் ஒரே கணக்கில் ஓடாவிட்டால் உடலும் கரையும் சேரும் இடம் பிசகிவிடும்.

பட்டுத் தறிகள் பலவற்றில் அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு சிறுபிள்ளையாகவே இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வேறொருவர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. தமிழ்நாடு உள்ளிட்ட மூன்று மாநிலங்களின் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. துணி நெசவில் குழந்தைகளை அமர்த்துவதற்கு 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமே தடை விதித்திருந்தாலும், குடும்பத்தாரின் உதவியோடு வீட்டில் நடக்கும் வேலை அதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டமும் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்கு உதவுவதை அனுமதிக்கிறது. ஆகவே நெசவு ஊர்களில் பிள்ளைக்கும் தறிக்கும் உள்ள தொடர்பு முழுதாக அறுந்துவிடவில்லை.

ஒத்துழைப்பும் அக்கறையும் ஒன்று என்று நினைப்பவர்கள் கோர்வைத் தறியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒத்துழைப்பு இம்மி பிசகாமல் இருந்தது. அந்தப் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் இல்லை. கூடி வேலை செய்ய வைத்தால் அன்பு தானாக வந்துவிடும் என்பது பள்ளிகளிலும் அடிக்கடி காணும் மயக்கம். யாருடைய நன்மைக்காகக் குழு கூடுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது.

ஆறு குழுக்கள்

செயல்வழிக் கற்றல் வகுப்பில் பெஞ்சு இருக்கவில்லை. பிள்ளைகளோடு ஆசிரியரும் பாயில்தான் உட்கார்வார். முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளும் வயது கலந்து அமர்வார்கள். சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடும். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். பாடம் முழுவதும் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி என்ற அட்டவணையில் வரிசையாக நிற்கும். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அந்த அட்டை சொல்லும் குழுவில் போய் உட்காரும்.

குழுக்கள் ஆறு. முதல் குழுவுக்கு ஆசிரியரின் உதவி முழுதாகவும், இரண்டாவதற்குப் பகுதியாகவும் கிடைக்கும். மூன்றாவதும் நான்காவதும் அதேபோலச் சக மாணவரின் உதவி பெறுபவை. ஐந்தாவதில் பிள்ளை தனியாகச் செய்யும். ஆறாவது மதிப்பீட்டுக்கு உரியது.

இந்த அமைப்பின் உயிர் நடுவில் உள்ள இரண்டு குழுக்களில்தான் இருந்தது. 'ட'வில் தடுமாறும் பிள்ளைக்கு, போன வாரம் அதே எழுத்தில் தடுமாறிய பிள்ளை சொல்லித்தரும். எந்த இடத்தில் கை திரும்பாது என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏணிப்படி தனி என்பதால், தமிழில் உதவியவர் கணக்கில் உதவி கேட்டு நிற்பதும் சாதாரணம். எப்போதும் கொடுப்பவர், எப்போதும் வாங்குபவர் என்ற பிரிவு உறையாமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆரோக்கியச் சக்கரத்தைப் பார்த்து நகம், பல், தலைமுடி சுத்தமா என்று சோதிப்பதும், வருகையைத் தாமே பதிவதும் இதே உணர்வை வளர்த்தவை. இன்று யார் வரவில்லை என்பது பிள்ளைகள் கண்ணில் முதலில் படும்.

நெசவு ஊருக்கு இதில் இன்னொரு பெரிய நன்மை இருந்தது. பாவு பிணைக்கும் நாளிலோ முகூர்த்த மாதங்களின் அவசரத்திலோ பள்ளிக்கு வராமல் போன பிள்ளை திரும்பி வரும்போது, வகுப்பு அதை விட்டுவிட்டு எங்கோ போயிருக்காது. விட்ட படியிலிருந்தே தொடரலாம். படிக்கும் வேகம் குறைந்ததற்காக ஒரு பிள்ளை எல்லோர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை என்ற நிலையைத்தான் அக்கறையின் முதல் அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

முன்னோடிகள்

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருவது தமிழகத்துக்குப் பழையது. திண்ணைப் பள்ளிகளில் ஆசானுக்குத் துணையாக மற்ற பிள்ளைகளைக் கவனிக்கும் மாணவராகச் சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அந்த வழக்கத்தையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் தம் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-இல் அவர் அதை நூலாக வெளியிட்ட பின் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளையிடம் அதிகாரம் இருந்தது. ஆசான் இல்லாத வேளையில் அடக்கி வைப்பதும் அவர் பொறுப்பு. அந்தப் பதவியை எடுத்துவிட்டு, உதவியை மட்டும் வைத்துக்கொண்டது செயல்வழிக் கற்றலின் சாதனை.

அதன் நேரடி வேர் ஆந்திராவின் ரிஷிவேலியில் இருக்கிறது. அங்கே சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கிய அட்டைகளும் ஏணிப்படியுமே சென்னைக்கு வந்தன. அவர்களுக்கும் முன்னே, டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் கர்நாடகத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளியில் வயது கலந்த வகுப்பு நடந்தது. அமெரிக்காவில் எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரில் வேறொரு வழி கண்டார். வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முதன்முறையாகச் சேர்ந்து பகைமை மூண்டிருந்த நேரம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. சாதிப் பிரிவினை வகுப்புக்குள்ளும் நுழையும் நம் ஊர்களுக்கு இது இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

குறைகளும் பிந்தைய மாற்றங்களும்

ஒரே ஆசிரியர் ஆறு குழுக்களையும் பார்ப்பது கடினமாக இருந்தது. அட்டை கிழிந்தாலோ தொலைந்தாலோ ஏணியில் ஒரு படி போய்விடும். துணைக்கு உட்கார்ந்த பிள்ளை சொல்லித்தருவதற்குப் பதிலாக விடையைக் காட்டிவிடுவதும் நடந்தது; எப்படி உதவுவது என்பதையும் பழக்க வேண்டும் என்பதற்குப் பயிற்சிகளில் போதிய இடம் தரப்படவில்லை என்பதே என் கணிப்பு.

2012-13-இல் முப்பருவ முறை வந்ததையொட்டி அட்டைகள் எளிமையாக்கப்பட்டன. கொரோனா கால இடைவெளிக்குப் பின், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிகிறார்கள். ஆடல், பாடல், பொம்மலாட்டம் என்று வகுப்பு கலகலப்பாக இருப்பது நல்லதே. ஆனால் பழைய ஆறு குழுக்களில் ஒரு பிள்ளை ஒரே நாளில் பல இடம் மாறும். நிலைக் குழுவிலோ நெடுநாள் ஒரே பெயரோடு இருக்க நேரலாம். மலரையும் அரும்பையும் சேர்த்து ஒரு வேலையில் உட்கார வைக்கும் பொறுப்பு இப்போது அட்டையின் கையில் இல்லை, ஆசிரியரின் கையில் இருக்கிறது.